கார் ரிமோட் சாவி: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

பொத்தானை அழுத்தியும் கார் திறக்கவில்லை என்றதும் கடைத்தெரு வாட்ச் கடைக்குப் போய்ப் புதிய செல் ஒன்றைப் போட்டுக்கொண்டு வருவதுதான் நம் பக்கத்தில் பெரும்பாலோர் செய்வது. பல நேரங்களில் அதுவே போதும். ஆனால் செல் நன்றாக இருக்கும்போதே சாவியைப் பிளந்து, உள்ளே இருந்த ஏதோ ஒன்றைத் தவறவிட்டு, அதுவரை ஓடிக்கொண்டிருந்த காரையும் ஓடாமல் செய்துகொண்டவர்களை மயிலாடுதுறையிலேயே பார்த்திருக்கிறேன். ஆகவே, சாவி காட்டும் அறிகுறியைப் பார்த்த பிறகே திருப்புளியைக் கையில் எடுக்கும்படி இந்த வழிமுறையை அமைத்திருக்கிறேன். குழப்பம் வராமலிருக்க, சாவிக்குள் இருக்கும் காசு போன்ற மின்கலத்தைச் செல் என்றும், பானெட்டுக்குக் கீழே இருக்கும் 12 வோல்ட் மின்கலத்தைப் பேட்டரி என்றும் குறிப்பிடுகிறேன்.

ஒரே கூட்டுக்குள் தனித்தனியாக இயங்கும் மூன்று பொருள்கள் இருக்கின்றன என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கதவைத் திறந்து மூடும் வானொலிப் பகுதி செல்லின் மின்சாரத்தில் இயங்குகிறது. பல கார்களில் அது 433.92 மெகாஹெர்ட்ஸில் பேசும். எஞ்சினைத் தொடங்க அனுமதி தரும் இம்மொபிலைசர் சில்லுக்குச் செல் தேவையே இல்லை. சாவித்துளையைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் தரும் காந்தப்புலத்திலிருந்தே தனக்கு வேண்டிய மின்சாரத்தை அது எடுத்துக்கொள்கிறது. மூன்றாவது, இரும்புச் சாவி. எனவே செல் முழுவதும் தீர்ந்துபோனாலும், இரும்புச் சாவியால் கதவைத் திறக்கவும் காரை ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேரவும் முடியும். இது தெரியாமல் நள்ளிரவில் மெக்கானிக்கைத் தூக்கத்திலிருந்து எழுப்புபவர்கள் உண்டு.

உங்களிடம் இருக்கும் சோதனைக் கருவிகளுள் மிகச் சிறந்தது, பீரோவில் தூங்கும் இரண்டாவது சாவிதான். அது வேலை செய்தால் பிழை முதல் சாவியில் இருக்கிறது. அதுவும் வேலை செய்யாவிட்டால் பிழை காரிலோ, கார் நிற்கும் இடத்திலோ இருக்கிறது. இரண்டு நிமிடத்தில் முடியும் இந்தச் சோதனையைச் செய்யாமல் கீழே இருக்கும் எதையும் தொடங்காதீர்கள்.

அறிகுறி: கிட்டே போனால்தான் திறக்கிறது, சில நேரம் இரண்டு மூன்று முறை அழுத்த வேண்டியிருக்கிறது

முன்பு தெருமுனையிலிருந்தே திறந்த கார் இப்போது கதவருகே வந்தால்தான் திறக்கிறது என்றால், செல் தளர்ந்துவிட்டது என்றே கொள்ளலாம். சாவியைத் தாடையில் வைத்து அழுத்தினால் எட்டத்திலிருந்து திறக்கிறது என்று பலர் சொல்வார்கள். அது உண்மைதான், தலையும் உடலும் ஆன்டெனாவுக்குத் துணைபோகின்றன. ஆனால் அந்த வித்தையை நீங்கள் நாள்தோறும் செய்ய வேண்டியிருந்தால் செல்லை மாற்றும் காலம் வந்துவிட்டது.

மல்டிமீட்டரில் 3 வோல்ட் காட்டுகிறதே, செல் நன்றாகத்தானே இருக்கிறது என்று ஏமாறாதீர்கள். சும்மா இருக்கும் செல் நல்ல வோல்டேஜைக் காட்டும். பொத்தானை அழுத்தி மின்சாரம் இழுக்கும்போதுதான் அதன் உள்மின்தடை வெளிப்பட்டு வோல்டேஜ் சரியும். 100 ஓம் மின்தடை ஒன்றைச் செல்லின் குறுக்கே ஒரு விநாடி வைத்து அளந்து, அதே முறையில் ஒரு புதிய செல்லையும் அளந்து ஒப்பிட்டால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். மின்தடை கையில் இல்லாதவர்கள் அளக்கும் வேலையையே விட்டுவிட்டுப் புதிய செல் ஒன்றைப் போட்டுப் பார்ப்பது மேல்.

எந்தச் செல் என்பதைப் பழைய செல்லின் முதுகில் இருக்கும் எண்தான் சொல்லும். கார் பெயரைச் சொல்லிக் கடைக்காரரைக் கேட்காதீர்கள், ஒரே மாடலிலேயே ஆண்டுக்கு ஆண்டு சாவி மாறியிருக்கும். சிஆர்2032 என்பதில் முதல் இரண்டு இலக்கம் 20 மில்லிமீட்டர் விட்டத்தையும், அடுத்த இரண்டு 3.2 மில்லிமீட்டர் தடிமனையும் குறிக்கின்றன. சிஆர்2025 அதே விட்டம், 2.5 மில்லிமீட்டர் தடிமன். சிஆர்1620 என்பது 16 மில்லிமீட்டர் விட்டமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் உடையது. எல்லாம் 3 வோல்ட் என்பதால் 2032 இடத்தில் 2025 போட்டால் உடனே வேலை செய்வது போலத்தான் இருக்கும். ஆனால் மெல்லிய செல் தொடுமுனையில் சரியாக அமராமல், கும்பகோணம் சாலையின் நாலு வேகத்தடையைத் தாண்டுவதற்குள் தொடர்பு அறுந்துபோகும். தடித்த செல்லை அமுக்கித் திணித்தால் மூடி மூடாது. எல்ஐஆர்2032 என்று எழுதியிருந்தால் அதை வாங்கவே வேண்டாம். அது சார்ஜ் செய்யக்கூடிய வகை, முழுச் சார்ஜில் 4.2 வோல்ட் வரை போகும், சாவியின் சில்லு அதற்காகச் செய்யப்பட்டதன்று. அட்டையில் தனித்தனியாக ஒட்டப்பட்டு, காலாவதி ஆண்டு அச்சிட்ட செல்லாகப் பார்த்து வாங்குங்கள். டப்பாவில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கிடக்கும் உதிரிச் செல்கள் வாங்கும்போதே பாதி தீர்ந்திருக்கக்கூடும்.

செல்லை மாற்றும் முறை

சாவியை மேசையில் வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் வைத்துத் திறக்க வேண்டும். துள்ளி விழும் துணுக்கு எதுவாக இருந்தாலும் துணியில் தெரியும். சிறு திருகாணி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சில சாவிகளில் அது இரும்புச் சாவியை உருவிய பிறகே கண்ணில் படும். திருகாணி இல்லாத வகையில் ஓரத்தில் ஒரு சிறு பள்ளம் இருக்கும்; அதில் தட்டை முனைத் திருப்புளியை மெல்லிய துணி சுற்றி நுழைத்து, நெம்பாமல் திருப்ப வேண்டும். கத்தி வேண்டாம். வழுக்கினால் முதலில் கை கிழியும், பிறகு சர்க்யூட் பலகை கிழியும்.

திறந்ததும் எதையும் தொடாமல் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். செல் எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது, ரப்பர் உறை எப்படி அமர்ந்திருந்தது என்ற இரண்டையும் அந்தப் படம் பின்னர் சொல்லும். எழுத்து இருக்கும் அகன்ற பக்கம் நேர்முனை. சிறிய வட்டமாகத் தெரிவது எதிர்முனை. நேர்முனை மேலே இருக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்ல முடியாது, சாவிக்குச் சாவி மாறும். கூட்டின் உள்பக்கம் பொறித்திருக்கும் கூட்டல் குறியையும் உங்கள் படத்தையுமே நம்புங்கள். பழைய செல்லை எடுக்கப் பிளாஸ்டிக் முனை எதையாவது பயன்படுத்துங்கள். உலோக இடுக்கி செல்லின் இரு முனைகளையும் ஒருசேரத் தொட்டால், அந்தக் குறுக்குச்சுற்றிலேயே நல்ல செல்லும் வலுவிழக்கும். புதிய செல்லை விளிம்பில் பிடித்து வையுங்கள்.

கழற்றிய செல்லை மேசை மேல் விட்டுவிட்டு எழுந்து போகக் கூடாது என்பதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். குழந்தை அதை விழுங்கினால், தீர்ந்துபோன செல்லாக இருந்தாலும் உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்துக்குள் கடுமையான புண்ணை உண்டாக்கும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகமே போதும். வாந்தி எடுக்க வைக்காமல் உடனே 108-ஐ அழைத்து, எக்ஸ்ரே எடுக்க வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். பழைய செல்லின் இருபுறமும் செலோ டேப் ஒட்டி, எட்டாத இடத்தில் வைத்துவிட்டுப் பிறகு மின்னணுக் கழிவோடு சேருங்கள்.

அறிகுறி: புதிய செல் போட்டும் அசைவே இல்லை

இதுதான் எனக்கு அதிகமாக வரும் கேள்வி. எளிதானதிலிருந்து தொடங்குவோம். செல் தலைகீழாக இருக்கிறதா? செல்லின் மேல் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரித்தீர்களா? இந்த இரண்டும் சரி என்றால், செல்லைத் தொடும் பித்தளை அல்லது எஃகு நாக்குகளைப் பாருங்கள். பழைய செல்லை நெம்பி எடுக்கும்போது அந்த நாக்கு சப்பையாகப் படிந்துபோவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. அரை மில்லிமீட்டர் மேலே தூக்கிவிட்டால் சாவிக்கு உயிர் வந்துவிடும். நாக்கில் கருமையோ பச்சையோ படிந்திருந்தால் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்துவிடுங்கள்.

அடுத்தது பலரும் அறியாதது. குழந்தைகள் விழுங்காமலிருக்கச் சில நிறுவனங்கள் செல்லின் மேல் கசப்புப் பூச்சுப் பூசுகின்றன. நல்ல நோக்கம்தான், ஆனால் தொடுமுனை அந்தப் பூச்சின் மேல் அமர்ந்தால் சில கருவிகளில் மின்தொடர்பு கிடைப்பதில்லை. ஆப்பிள் நிறுவனமே, தொலைந்த பொருளைத் தேட உதவும் தன் ஏர்டேக் என்னும் சிறு வில்லையில் கசப்புப் பூச்சு உள்ள சிஆர்2032 செல்கள் வேலை செய்யாமல் போகலாம் என்று எச்சரித்திருக்கிறது. அத்தகைய செல் என்றால் பூச்சு இல்லாத வேறொன்றைப் போட்டுப் பார்த்துவிடுவதே சுருக்கமான வழி.

இவை எல்லாம் சரியாக இருந்து, சாவியின் சிறு விளக்கும் மினுங்கி, கார் மட்டும் அசையாவிட்டால், இரண்டுக்கும் இடையே எண் கணக்குத் தவறிப்போயிருக்கலாம். சாவி ஒவ்வொரு முறையும் ஒரே குறியீட்டை அனுப்புவதில்லை. அழுத்தத்துக்கு அழுத்தம் எண்ணை மாற்றிக்கொண்டே போகிறது. காரும் அதே வரிசையில் எண்ணிக்கொண்டு வருகிறது. வீட்டுக்குள் பேரப்பிள்ளைகள் பொத்தானை அமுக்கி விளையாடினால் சாவி முன்னே ஓடிவிடும், கார் பின்தங்கிவிடும். கீலாக் என்னும் புகழ்பெற்ற முறையில் 16 எண்கள் வரை முந்தினால் கார் பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனால் அடுத்தடுத்து இரண்டு முறை சரியான குறியீடு வந்தால்தான் மீண்டும் ஏற்கும். எனவே காரின் பக்கத்தில் நின்று பூட்டும் பொத்தானை நிதானமாக இரண்டு மூன்று முறை அழுத்துங்கள். வேறு சில கார்களில் சாவியைப் போட்டு இக்னிஷனை ஆன் செய்த நிலையில் பொத்தானை அழுத்த வேண்டியிருக்கும். அதற்குரிய முறை காரோடு வந்த கையேட்டில் இருக்கும். செல்லைக் கழற்றினால் சாவியின் நினைவு அழிந்துவிடும், கம்பெனியில் கொடுத்து மறுபடி பதிய வேண்டும் என்று பயமுறுத்துபவர்கள் சொல்வது பெரும்பாலான சாவிகளுக்குப் பொருந்தாது, அவற்றின் குறியீடு மின்சாரம் இல்லாமலேயே நிலைத்திருக்கும் நினைவகத்தில் இருக்கிறது.

அறிகுறி: சாவி தண்ணீரில் விழுந்த பிறகு

டெல்டாவில் இது தனித் தலைப்பாகவே வர வேண்டியது. ஐப்பசிக் கடைமுழுக்கு நாளில் துலாக்கட்டத்தில் வேட்டி மடிப்பில் சாவியோடு நான் காவிரியில் முங்கியதுண்டு; படியேறிய பிறகுதான் இடுப்பில் கனம் உறைத்தது. அப்போது நான் செய்த தவறு, வேலை செய்கிறதா என்று பார்க்கப் பொத்தானை அமுக்கியது. நனைந்த சாவியில் முதல் வேலை செல்லைக் கழற்றுவதுதான். தண்ணீரை விட, தண்ணீரோடு மின்சாரம் சேர்ந்து செப்புத் தடங்களை அரிப்பதே சாவியைக் கொல்கிறது.

செல்லை எடுத்த பின், ஆற்று நீரோ வாய்க்கால் சேறோ என்றால் பலகையைக் காய்ச்சி வடித்த நீரில் அலசுங்கள். பேட்டரிக் கடையில் பேட்டரித் தண்ணீர் என்று கேட்டால் கொடுப்பார்கள். வேளாங்கண்ணியிலோ தரங்கம்பாடியிலோ கடலில் நனைந்தது என்றால் அலசுவது இன்னும் அவசியம், ஏனெனில் உப்பு உலர்ந்தாலும் பலகையிலேயே தங்கி, அடுத்த ஈரக்காற்றில் மறுபடி கரைந்து தன் வேலையைத் தொடங்கும். நனைந்ததை மறுபடி நனைப்பதா என்று தயங்க வேண்டாம். அலசிய பின் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, மின்விசிறிக் காற்றில் குறைந்தது ஒரு நாள் காய வையுங்கள். சூடான ஹேர் டிரையரும், வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டும் ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் கோணலாக்கும்.

அரிசிக்குள் புதைத்து வைப்பது இந்தப் பகுதியில் யாரும் உடனே சொல்லும் யோசனை. வீட்டில் மூட்டையாக இருப்பதால் சொல்கிறோமோ என்னவோ. காற்றோட்டம் செய்யும் வேலையைக் கூட அரிசி செய்வதில்லை, அதோடு தவிட்டுத்தூள் பொத்தான்களுக்குள் போய்ச் சேர்கிறது. பொன்னி அரிசியைச் சோற்றுக்கே விட்டுவிடலாம்.

காய்ந்த பின் வேலை செய்தாலும், சில வாரங்களிலேயே செல் தீர்ந்துபோனால் பலகையில் எங்கோ ஈரமோ அரிப்போ மின்சாரத்தைக் கசியவிடுகிறது என்று பொருள். மீண்டும் திறந்து, பச்சை படிந்த இடத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்தில் வசிப்பவர்களின் சாவிகளில் தண்ணீரில் விழாமலேயே உப்புக்காற்றால் இந்தப் பச்சை வந்திருப்பதைக் கண்டிருக்கிறேன். மூடும்போது ரப்பர் உறையின் விளிம்பு சுற்றிலும் மடியாமல் அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: ஸ்டார்ட் பொத்தான் உள்ள காரில் சாவி இல்லை என்று காட்டுகிறது

ஸ்மார்ட் சாவியில் கார் முதலில் குறைந்த அதிர்வெண்ணில் சாவியைக் கூப்பிடுகிறது. அந்தக் குரலுக்காகச் சாவி எப்போதும் காதைத் திறந்து வைத்திருக்கிறது. அதனால் சாதாரண ரிமோட்டை விட இதில் செல் வேகமாகத் தீரும். செல் தீர்ந்த நிலையில், கூட்டுக்குள் மறைந்திருக்கும் இரும்புச் சாவியை உருவிக் கதவைத் திறந்து, பிரேக்கை மிதித்தபடி சாவியை ஸ்டார்ட் பொத்தானோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால் பல கார்கள் ஓடத் தொடங்கும். சிலவற்றில் அதற்கென்று கன்சோலில் ஓர் இடம் இருக்கும். இரும்புச் சாவியால் திறக்கும்போது அலாரம் அலறினால் பதற வேண்டாம், எஞ்சின் ஏற்றுக்கொண்டதும் நின்றுவிடும். சாவியைப் போர்ட்டிகோவில் கார் அருகிலேயே ஆணியில் மாட்டும் பழக்கம் செல்லை வீணாக்கும், உள்ளறைக்கு மாற்றுங்கள்.

அறிகுறி: ஓர் இடத்தில் மட்டும் வேலை செய்யவில்லை

வீட்டில் திறக்கும் கார் ஒரு குறிப்பிட்ட கல்யாண மண்டபத்து வாசலிலோ, ஒரு குறிப்பிட்ட வயல் கரையிலோ மட்டும் திறக்கவில்லை என்றால் சாவியைக் குற்றம் சொல்லாதீர்கள். அதே 433 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் இயங்கும் கேட் ரிமோட்டுகளும், பம்புசெட்டைத் தூரத்திலிருந்து ஓட வைக்கும் ரிமோட்டுகளும் இருக்கின்றன; அவற்றில் ஒன்று கெட்டுப்போய் ஓயாமல் ஒலிபரப்பிக்கொண்டிருந்தால் காரின் காதில் உங்கள் சாவியின் குரல் விழாது. இரும்புச் சாவியால் திறந்து, காரை நூறு மீட்டர் தள்ளி நிறுத்தி அழுத்திப் பாருங்கள். அங்கே வேலை செய்தால் வேறு சோதனை தேவையில்லை.

அறிகுறி: இரண்டு சாவிகளுமே வேலை செய்யவில்லை

வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ போனவரின் கார் மாதக்கணக்கில் கொட்டகையில் நின்றிருந்தால் தீர்ந்தது செல்லன்று, பேட்டரி. உள்விளக்கு மங்கலாக எரிந்தாலோ எரியாவிட்டாலோ அது உறுதி. முழுச் சார்ஜில் சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டிய பேட்டரி 12-க்குக் கீழே இறங்கியிருந்தால் முதலில் அதைச் சார்ஜ் செய்யுங்கள். உள்விளக்கு நன்றாக எரிகிறது, ஆனால் பூட்ட மட்டும் முடியவில்லை என்றால் ஏதோ ஒரு கதவோ டிக்கியோ சரியாகச் சாத்தப்படாமல் இருக்கும்.

அறிகுறி: ஒரு பொத்தான் மட்டும் வேலை செய்யவில்லை

செல்லைத் தொடாதீர்கள். திறக்கும் பொத்தான் வேலை செய்து பூட்டும் பொத்தான் வேலை செய்யாவிட்டால், அதன் கீழே இருக்கும் சிறு சுவிட்ச் தேய்ந்திருக்கிறது அல்லது அதன் பற்றவைப்பு விட்டிருக்கிறது. கைப்பேசி பழுது பார்ப்பவர் யாரும் பத்து நிமிடத்தில் மாற்றிவிடுவார்.

அறிகுறி: செல் மாற்றிய பிறகு கதவு திறக்கிறது, எஞ்சின் மட்டும் ஓடவில்லை

தொடக்கத்தில் சொன்ன விபத்து இதுதான். பல சாவிகளில் இம்மொபிலைசர் சில்லு பலகையோடு பற்றவைக்கப்படாமல், கூட்டின் ஒரு மூலையில் தனியாகச் செருகப்பட்டிருக்கும்; கரித்துண்டு போன்ற சிறு கறுப்புக் கட்டியாகவோ, ஓர் அரிசி மணியை விடச் சற்றுப் பெரிய கண்ணாடிக் குழாயாகவோ அது தெரியும். திறக்கும்போது அது உருண்டு விழுந்தால், குப்பை என்று பெருக்கித் தள்ளிவிடுவார்கள். உடைந்த கூட்டுக்குப் பதில் புதுக் கூடு வாங்கி மாற்றுபவர்கள், பழைய கூட்டுக்குள்ளேயே அதை விட்டு எறிந்துவிடுவார்கள். அதன் பிறகு ரிமோட் வழக்கம்போலக் கதவைத் திறக்கும். ஸ்டார்ட்டர் சுற்றும் அல்லது சுற்றாது, ஆனால் எஞ்சின் பற்றிக்கொள்ளாமல் டேஷ்போர்டில் சாவி அல்லது பூட்டுப் படமுள்ள விளக்கு மினுங்கிக்கொண்டே இருக்கும்.

அந்த விளக்கைப் பார்த்ததும் விரித்த துணியையும், மேசைக்கு அடியையும், பழைய கூட்டின் ஒவ்வொரு மூலையையும் தேடுங்கள். கிடைத்தால் இருந்த இடத்திலேயே செருகி, ஆடாமலிருக்கச் சிறு துண்டு டேப் ஒட்டினால் போதும், எந்தப் பதிவும் தேவையில்லை. கண்ணாடிக் குழாய் விரிசல் விட்டிருந்தால் அது பயன்படாது. கிடைக்காவிட்டால் இரண்டாவது சாவியால் காரை ஓட்டிக்கொண்டு, ஆர்.சி. புத்தகத்தையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு, கார் கம்பெனியின் சர்வீஸ் மையத்துக்குப் போய்ப் புதிய சாவியைப் பதிந்து வாங்க வேண்டியதுதான். போகும்போது இருக்கும் சாவிகள் அனைத்தையும் கொண்டுபோங்கள், சில கார்களில் புதிய சாவியைப் பதியும்போது அங்கே இல்லாத பழைய சாவி செல்லாததாகிவிடும்.